“விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்”: துயர்துடைப்பு நிதியில் நம் சபையாரை முதலில் கவனிப்பது சரியா?

உப்பாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அன்பான நண்பர்களுக்கு வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பகுதியை மூழ்கடித்த மழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் சபையில் அவசரமாக ஒரு நிவாரணக் குழு அமைத்தோம். நானும் அதில் இருந்தேன். அந்தக் குழுவையே இப்போது நிரந்தரமான துயர்துடைப்பு நிதியாக மாற்ற முடிவாகி, அதற்கான விதிமுறைகளை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் விதியிலேயே நின்றுவிட்டேன்.

குழுவில் பாதிப் பேர், “சபை அங்கத்தினர்களுக்கு மட்டும்” என்று எழுதச் சொல்கிறார்கள். அவர்கள் ஆதாரமாகக் காட்டுவது கலாத்தியர் 6:10: “ஆகையால் நமக்குக் கிடைக்கும் சமயத்திற்குத்தக்கதாக, யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும், நன்மைசெய்யக்கடவோம்.” மற்றப் பாதிப் பேர் அதே வசனத்தின் “யாவருக்கும்” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, நம்மவர் என்று பிரித்துப் பார்ப்பதே சுவிசேஷத்துக்கு விரோதம் என்கிறார்கள்.

இந்தக் கேள்வி எனக்கு வெறும் விதிமுறைக் கேள்வி அல்ல. வெள்ளத்தின்போது நாங்கள் பெரிய தெருவில் மூன்று நாள் அரிசியும் போர்வையும் கொடுத்தோம். வந்து நின்றவர்கள் எல்லாருக்கும் கொடுத்தோம், அதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சியே. ஆனால் எங்கள் சபையில் முப்பது வருடமாகப் பின்வரிசையில் உட்காரும் ஒரு விதவைத் தாயாரின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது எட்டாம் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் வந்து கேட்கவில்லை. நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. நாங்கள் போனபோது, “எல்லாருக்கும் கஷ்டம்தானே, தம்பி” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை. வேதத்தையும் ஆதிச் சபையின் வழக்கத்தையும் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பழைய ஏடு

சகோதரர் உப்பாற்றங்கரை அவர்களுக்கு. அந்த வசனத்தை அது இருக்கும் கடிதத்திலிருந்து பெயர்த்தெடுத்து விதிமுறைத் தாளில் ஒட்டினால் இரண்டு தரப்புக்கும் அது வசதியாகத்தான் இருக்கும். கடிதத்துக்குள் வைத்துப் படித்தால் அவ்வளவு வசதியாக இருக்காது.

பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது எருசலேமிலிருந்து வந்த நெருக்கடி ஒன்று பின்னணியில் இருக்கிறது. யாக்கோபினிடத்திலிருந்து சிலர் அந்தியோகியாவுக்கு வந்தபோது, அதுவரை யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பேதுரு பந்தியைவிட்டு விலகிக்கொண்டதை இரண்டாம் அதிகாரத்தில் பவுல் மறைக்காமல் எழுதுகிறார். அந்தச் சம்பவத்துக்கு ஒரு வசனம் முன்னால், எருசலேமின் தூண்களாக எண்ணப்பட்ட யாக்கோபும் கேபா என்ற பேதுருவும் யோவானும் தமக்கும் பர்னபாவுக்கும் வலதுகை கொடுத்தபோது கேட்டுக்கொண்ட ஒரே காரியம் தரித்திரரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என்று சொல்லி, அதைச் செய்யத் தாம் ஏற்கெனவே கருத்துள்ளவராக இருந்ததாகவும் சேர்க்கிறார்.

அந்தத் தரித்திரர் யார்? ரோமப் பேரரசர் கிலவுதியு ராயன் காலத்துப் பஞ்சத்தை அப்போஸ்தலர் நடபடிகள் 11 ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. அந்தப் பஞ்சத்தைக் குறித்து யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸும் எழுதியிருக்கிறார். அதியாபெனே நாட்டு அரசி எலெனா, எகிப்திலிருந்து தானியமும் சைப்ரஸிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வாங்கி வரவழைத்து எருசலேம் மக்களுக்குப் பகிர்ந்தளித்தார் என்பது அவர் தரும் செய்தி. அந்தியோகியாவின் சீஷர்கள் அவனவன் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து பர்னபா, சவுல் (பவுல்) கையில் அனுப்பினார்கள். அதற்குப் பத்து வருடத்துக்குப் பின்னும் பவுல் அதே எருசலேம் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் கலாத்தியாவிலும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். 1 கொரிந்தியர் 16:1 ஐப் பாருங்கள்: தர்மப்பணத்தைக் குறித்துக் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்குத் தாம் செய்த திட்டத்தையே கொரிந்தியருக்கும் சொல்கிறார்.

ஆகவே, “விசுவாச குடும்பத்தார்” என்ற சொல்லைக் கேட்ட கலாத்தியரின் மனதில் பக்கத்து வீட்டு விசுவாசி மட்டும் வந்திருக்க முடியாது என்பது என் கருத்து. அவர்கள் ஒருபோதும் பார்த்திராத, வேறு மொழி பேசிய, தங்களை முழு விசுவாசிகளாக ஏற்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த ஒரு சபையின் ஏழைகளும் அந்தக் குடும்பத்துக்குள் அடங்கினார்கள். நம்மை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கிறார் என்று தெரிந்தும் அவருடைய அடுப்பு எரிவதற்கு விறகு அனுப்புவது எளிதான காரியமா? உங்கள் குழுவில் “நம்மவர்களுக்கு மட்டும்” என்று சொல்கிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

வழிப்போக்கர்

பழைய ஏடு ஐயா எழுதியது அருமை. ஆனாலும் எனக்கு முழுச் சமாதானம் உண்டாகவில்லை. குடும்பம் எவ்வளவு பெரிதானாலும் அதற்கு ஒரு சுவர் இருக்கும் அல்லவா? மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கேட்ட கேள்வியைப் பாருங்கள்: “உங்கள் சகோதரரைமாத்திரம் வாழ்த்துவீர்களானால், நீங்கள் விசேஷித்துச் செய்கிறது என்ன?” நம் தமிழ் வேதாகமத்தில் இந்த இரண்டு இடங்களிலும் “விசேஷம்” என்ற சொல் எதிரெதிராக வந்து நிற்பது என்னை நெடுநாளாக உறுத்துகிறது. பவுல் விசேஷமாகச் செய்யச் சொல்வதை ஆண்டவர் விசேஷமே இல்லை என்கிறாரா?

அதே 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கிக்கொண்டபோது, பக்கத்து ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியை எடுத்துவந்து சமைத்து, முன்பின் தெரியாத பயணிகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். அவர்கள் வீடுகளையும் தண்ணீர் சூழ்ந்திருந்தது. யார், எந்த ஊர், எந்த மதம் என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, “எங்கள் நிதி எங்கள் அங்கத்தினர்களுக்கு” என்று நாம் சொன்னால் நல்ல சமாரியன் கதையில் நாம் எந்தப் பாத்திரமாக இருப்போம்?

பழைய ஏடு

வழிப்போக்கர் அவர்களே, கிரேக்க மூலத்தில் அவை வேறு வேறு சொற்கள். கலாத்தியரில் இருப்பது “மாலிஸ்தா”. “எல்லாவற்றிலும் அதிகமாக” என்று பொருள். மத்தேயுவில் இருப்பது “பெரிஸ்ஸோன்”. “அளவுக்கு மிஞ்சியது” என்று பொருள். ஆயினும் தமிழ்க் காதுக்கு அந்த இரண்டு விசேஷங்களும் ஒன்றோடொன்று மோதுவதை நான் குறையாகப் பார்க்கவில்லை. மத்தேயுவில் ஆண்டவர் கண்டிப்பது “மாத்திரம்” என்ற சொல்லை. கலாத்தியரில் “மாத்திரம்” இல்லை. உங்கள் குழு எழுத நினைக்கும் “மட்டும்” அந்த வசனத்தில் எங்கும் இல்லை என்பதை உப்பாற்றங்கரை கவனிக்க வேண்டும்.

நெசவாளர் மகள்

பெரியவர்கள் பேசும் இடத்தில் என் அனுபவத்தைச் சொல்ல அனுமதி வேண்டும். வழிப்போக்கர் அண்ணன் சுவரைப் பற்றிக் கவலைப்படுகிறார். என் கவலை வீட்டுக்குள்ளேயே யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பதுதான்.

என் அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்த இரண்டு வருடமும் நாங்கள் ஒரு சபையின் அங்கத்தினர்களாக இருந்தோம். ஒவ்வொரு ஞாயிறும் ஜெபக்குறிப்பில் அப்பாவின் பெயர் வாசிக்கப்பட்டது. “ஜெபித்துக்கொண்டிருக்கிறோம், கவலைப்படாதே, பிள்ளை” என்று கையைப் பிடித்துச் சொன்னவர்கள் நூறு பேருக்குக் குறையாது. அவர்கள் ஜெபித்தார்கள் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதிகாலை நான்கு மணிக்கு அப்பாவைப் பேருந்து நிறுத்தத்துக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போக அம்மாவையும் என்னையும் தவிர ஆள் இல்லை. கடைசி ஆறு மாதம் தன் ஆட்டோவில் காசு வாங்காமல் அழைத்துப்போனவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு இஸ்லாமியப் பெரியவர். அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள்.

யாக்கோபு நிருபத்தில் வஸ்திரமில்லாத, ஆகாரமில்லாத ஒருவரை நோக்கி, குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லி அனுப்புகிறவரைப் பற்றி வருகிறதல்லவா? அங்கே யாக்கோபு உதாரணமாக எடுத்துக்கொள்வது அந்நியரை அல்ல. “ஒரு சகோதரனாவது சகோதரியாவது” என்றுதான் தொடங்குகிறார். சபைக்குள் ஒருவர் பட்டினி கிடக்கும்போது நல்ல வார்த்தை சொல்லி அனுப்பும் வழக்கம் முதல் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது என்பதால்தானே அவர் அதை எழுத வேண்டியிருந்தது? வெளியே கொடுக்கும்போது நாலு பேர் பார்க்கிறார்கள், மனதுக்கு நிறைவாக இருக்கிறது. உள்ளே இருப்பவரிடம் போனால் அவருடைய வீட்டு நாற்றத்தையும் கடனையும் மருந்துச் சீட்டையும் பார்க்க வேண்டியிருக்கும், ஒருமுறை போனால் மறுபடியும் போக வேண்டியிருக்கும், அவர் அடுத்த ஞாயிறும் நம் பக்கத்தில்தான் உட்காருவார். “விசேஷமாக” என்று பவுல் அழுத்திச் சொன்னது, தப்பித்துக்கொள்ள முடியாத அந்த உறவை நாம் தவிர்க்கப் பார்ப்போம் என்று அவருக்குத் தெரிந்ததால்தான் என்று நான் நம்புகிறேன்.

உப்பாற்றங்கரை

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எங்கள் பின்வரிசைத் தாயார் விஷயத்தில் நாங்கள் செய்தது இதேதான். தொடர்ந்து எழுதுங்கள்.

கடலோரக் கத்தோலிக்கர்

நான் வேறு திருச்சபையைச் சேர்ந்தவன். எங்கள் திருவிவிலியத்தில் “விசுவாசம்” என்பதற்குப் பதில் “நம்பிக்கை” என்று வரும். பொருளில் வேறுபாடு இல்லை. ஆதித் திருச்சபையின் வழக்கம் என்ன என்று கேட்டிருப்பதால், மூன்றாம் நூற்றாண்டிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

251 ஆம் ஆண்டில் உரோமை ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் ஒன்றில் தம் திருச்சபையின் கணக்கைத் தருகிறார்: 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், இவர்களோடு 1500 க்கும் மேற்பட்ட கைம்பெண்களும் துன்புறுவோரும் திருச்சபையால் பராமரிக்கப்பட்டார்கள். இது சட்டப்படி சொந்தக் கோவில் கட்டக்கூட உரிமை இல்லாத, முந்தின ஆண்டுதான் பேரரசர் தேசியுவின் கொடுமையை அனுபவித்து எழுந்த ஒரு சமூகத்தின் கணக்கு. அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னரே வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், மாதந்தோறும் அவரவர் விரும்பியபடி போடும் காணிக்கை எதற்குச் செலவாகிறது என்று பட்டியலிடுகிறார்: ஏழைகளின் அடக்கம், பெற்றோரை இழந்த பிள்ளைகள், வயதாகி வீட்டோடு கிடக்கும் அடிமைகள், கப்பல் உடைந்தவர்கள், விசுவாசத்துக்காகச் சுரங்கங்களிலும் தீவுகளிலும் சிறைகளிலும் இருப்பவர்கள்.

சிறை என்றதும் இன்றைய சிறையை நினைத்துக்கொள்ளக் கூடாது. உரோமைச் சிறைகளில் கைதிக்குப் போதிய உணவு கொடுக்கும் ஏற்பாடு கிடையாது. வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால்தான் உயிர் தங்கும். கொண்டுவருபவரும் அதே குற்றச்சாட்டில் சிக்கும் ஆபத்து எப்போதும் இருந்தது. எபிரேயர் திருமுகம், கட்டுண்டிருப்பவர்களோடு நீங்களும் கட்டுண்டவர்கள்போல அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது உணர்ச்சிவசப்பட்டுப் பேசவில்லை. சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு சிறைவாசலுக்குப் போகச் சொல்கிறது. கிறிஸ்தவர்களைக் கேலி செய்து எழுதிய லூசியன்கூட, அவர்களில் ஒருவன் சிறைப்பட்டால் விடியற்காலையிலேயே கிழவிகளும் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் சிறைவாசலில் காத்துக்கிடப்பார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். கேலி செய்தவரின் சாட்சி என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

இப்போது வழிப்போக்கர் கேட்ட சுவரைப் பற்றி. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானின் வாழ்க்கையில் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடக்கின்றன. பக்கத்து நுமிதியாவில் கொள்ளைக் கூட்டத்தார் கிறிஸ்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவர்களை மீட்க கார்த்தேஜ் திருச்சபை 1,00,000 செஸ்தர்ஸ் (உரோமை நாணயம்) திரட்டி அனுப்பியது. சிப்ரியான் பணத்தோடு ஒரு கடிதமும் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலும் அனுப்பி, பெற்றுக்கொள்கிறவர்கள் அந்தப் பெயர்களை மன்றாட்டில் நினைக்கும்படியும், மறுபடியும் இப்படி நேர்ந்தால் தயங்காமல் எழுதும்படியும் கேட்டுக்கொண்டார். இது முழுக்க முழுக்க “நம்மவர்” காரியம். அதே ஆண்டுகளில் கொள்ளைநோய் வந்து பிணங்கள் தெருவில் கிடந்தபோது, நம்மவரை மட்டும் கவனித்தால் அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டு, துன்புறுத்தியவர்களுக்கும் பணிவிடை செய்யத் தம் மக்களை அனுப்பினார் என்று அவருடைய திருத்தொண்டர் பொந்தியு எழுதுகிறார். அவர் மேற்கோளாகக் காட்டியது வழிப்போக்கர் காட்டிய அதே மலைப்பொழிவுதான். கட்டப்பட்ட சகோதரருக்காகத் தன் பையைத் திறந்து பழகிய கையே தெருவில் கிடந்த பகைவரையும் தூக்கியது.

இன்னொன்று. 362 இல் பேரரசர் ஜூலியான், பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்றபோது தம் தலைமைப் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள், நம்மவர்களோ நம்மிடமிருந்து உதவி பெறாமல் இருப்பது எல்லார் கண்ணிலும் படுகிறது என்று வெட்கப்படுகிறார். விருந்தினர் விடுதிகள் கட்டச் சொல்லி, ஆண்டுக்கு 30,000 மோதியு (உரோமைத் தானிய அளவு) கோதுமையும் ஒதுக்குகிறார். அந்தப் பூசாரி எந்த நாட்டுக்குத் தலைவர் தெரியுமா? கலாத்தியா. “யாவருக்கும், விசேஷமாக” என்ற சொற்கள் எழுதப்பட்ட அதே கலாத்தியாவில், முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, கிறிஸ்தவத்தை வெறுத்த ஒரு பேரரசர் அந்த இரண்டு சொற்களும் நடைமுறையில் இருந்ததாகச் சாட்சி சொல்கிறார்.

பழைய ஏடு

அன்பர் தந்த செய்திகள் மிகவும் பயனுள்ளவை. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: ஜூலியானின் அந்தக் கடிதம் சோசோமேன் எழுதிய திருச்சபை வரலாற்றின் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது; அது ஜூலியானே எழுதியதுதானா என்று ஐயுறும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். கார்த்தேஜ் செய்திக்கும் கொர்னேலியுவின் கணக்குக்கும் அந்த ஐயம் இல்லை. சபைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்வதானால் இந்த வேறுபாட்டோடு சொல்வது நல்லது.

கடலோரக் கத்தோலிக்கர்

ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. நான் அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

பேரேடு

நான் வங்கியில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது சபைப் பொருளாளர். எல்லாரும் யாருக்குக் கொடுப்பது என்று பேசுகிறீர்கள். எப்படிக் கொடுப்பது என்பதிலும் பவுல் வெகு கவனமாக இருந்தார். கொரிந்தியர் வாரத்தின் முதல்நாள்தோறும் வரவுக்குத் தக்கதாகத் தங்களிடத்திலேயே சேர்த்துவைக்க வேண்டும், தாம் வந்தபிறகு அவசர வசூல் நடக்கக்கூடாது என்கிறார். பணத்தைத் தாமே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்கள் கூடவே வருகிறார்கள். தர்மப்பணத்தை நடத்துவதில் ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாக இருக்கிறோம் என்று 2 கொரிந்தியர் 8 இல் எழுதுகிறார். நடபடிகள் 20 ஆம் அதிகாரத்தில் வரும் பெயர்களைப் பாருங்கள்: பெரேயா ஊர் சோபத்தர், தெசலோனிக்கேயரான அரிஸ்தர்க்கு, செக்குந்து, தெர்பையின் காயு, தீமோத்தேயு, ஆசியாவின் தீகிக்கு, துரோப்பீமு. எருசலேமுக்குப் போன அந்தப் பயணத்தில் ஏன் இவ்வளவு பேர் என்ற கேள்விக்கு, இவர்கள் பணத்தோடு போன பிரதிநிதிகள் என்பதே பெரும்பாலான விளக்கவுரையாளர்கள் சொல்லும் பதில். உப்பாற்றங்கரை தம்பி, கையொப்பம் மூன்று, கணக்கு வாசிப்பு மாதம் ஒருமுறை. இதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஏமாற்றுகிறவர்கள் வருவார்களே என்று சிலர் பயப்படுவார்கள். ஆதிச் சபையிலும் வந்தார்கள். திதாகே என்ற பழைய கிறிஸ்தவக் கையேடு, வழிப்பயணமாக வருகிறவரை இரண்டு அல்லது மூன்று நாள் தங்கவைக்கச் சொல்கிறது; அதற்குமேல் தங்க விரும்பினால் அவர் தொழில் செய்து சாப்பிட வேண்டும். கதவை மூடச் சொல்லவில்லை, எல்லை மட்டும் வகுத்தது.

வழிப்போக்கர்

பேரேடு ஐயா, ஒரு கேள்வி. அவ்வளவு கவனமாகச் சேர்த்த அந்தப் பணம் எருசலேமில் என்ன ஆனது? அவர்கள் வாங்கிக்கொண்டார்களா?

பழைய ஏடு

பேரேடு அவர்கள் அனுமதித்தால் நான் சொல்கிறேன், ஏனெனில் இந்த முழு வரலாற்றிலும் என்னை மிகவும் அசைப்பது இந்த இடம்தான். ரோமர் 15 ஆம் அதிகாரத்தில், கப்பலேறும் முன், பவுல் ரோமாபுரியாரிடம் இரண்டு காரியங்களுக்காக ஜெபிக்கச் சொல்கிறார். ஒன்று, யூதேயாவிலுள்ள அவிசுவாசிகளுக்குத் தாம் தப்ப வேண்டும். மற்றது, எருசலேமிலுள்ள பரிசுத்தவான்கள் தாம் கொண்டுபோகும் தர்மசகாயத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். பட்டினியாக இருப்பவர் பணத்தை ஏற்றுக்கொள்வதற்கு ஜெபம் எதற்கு? புறஜாதியாரின் பணத்தை வாங்கினால் அவர்களைச் சகோதரர் என்று ஒப்புக்கொண்டதாகும். அதனால் பசியோடு இருந்தாலும் அவர்கள் கையை நீட்டாமல் போகலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகளில் லூக்கா அந்தச் சந்திப்பை எழுதுகிறார். சகோதரர்கள் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டார்கள் என்கிறார். ஆனால் அது பவுலையும் உடன் வந்தவர்களையும் ஏற்றுக்கொண்டது. பணத்தைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை இல்லை. சில நாட்களில், எபேசியனான துரோப்பீமுவை தேவாலயத்துக்குள் கூட்டிவந்தார் என்ற தவறான எண்ணத்தால் கலகம் எழுந்து பவுல் பிடிபடுகிறார். பிறகு தேசாதிபதி பேலிக்ஸின் முன் நிற்கும்போதுதான், என் ஜனத்தாருக்குத் தர்மப்பணத்தை ஒப்புவிக்க வந்தேன் என்று ஒரு வரி சொல்கிறார். அதோடு சரி.

சகோதரருக்கு இரக்கம் காட்டப் போய் அவர் இரண்டு வருடம் செசரியாவில் சிறையிருந்தார். நம்மவர்களுக்குள் கொடுப்பது சுயநலத்துக்கு வெகு அருகில் இருப்பது என்று நினைக்கிறவர்கள் இந்தப் பயணத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். வழிப்போக்கரே, நீங்கள் கேட்ட சுவரின் மேல்தான் அவர் அந்தப் பணத்தை வைத்தார்.

வழிப்போக்கர்

இந்தக் கோணத்தில் நான் இதுவரை படித்ததில்லை. “மட்டும்” என்று எழுதக்கூடாது என்பதில் என் கருத்து மாறவில்லை; ஆனால் “விசேஷமாக” என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல வந்தவன், அதை இப்போது சொல்லப்போவதில்லை.

மலையடிவாரம்

நான் களக்காட்டுப் பக்கத்துக்காரன், எங்களுக்குப் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது. பலர் அதை ஏதோ ஆங்கிலப் பெயர் என்று நினைக்கிறார்கள். 1827 இல் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் அந்தக் கிறிஸ்தவக் குடியிருப்பை அமைக்கப் பணம் கொடுத்தவர் பிரஷ்யா தேசத்துப் பிரபுவான டோனா. அவர் பெயரோடு நம் “ஊர்” சேர்ந்து டோனாவூர் ஆனது. தான் ஒருபோதும் வந்து பார்க்காத ஒரு மலையடிவாரத்தில், கிறிஸ்தவர்களானதால் ஊரில் நெருக்கப்பட்ட குடும்பங்கள் நிம்மதியாகக் குடியிருக்க அவர் கொடுத்தார். அதற்கும் முன்னால், 1799 இல், அடித்து விரட்டப்பட்ட விசுவாசிகளுக்காக டேவிட் சுந்தரானந்தம் நிலம் வாங்கி உண்டாக்கியதுதான் முதலூர்.

எங்கள் பாட்டி வீட்டில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். அது சபைக்குப் போகும்; ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் செலவாகும். பவுல் சொன்ன வாரத்தின் முதல்நாளை எங்கள் பாட்டிகள் தினசரி ஆக்கிக்கொண்டார்கள். வீட்டில் அரிசி குறைவான நாளிலும் அந்தப் பிடி குறைந்ததை நான் பார்த்ததில்லை. மக்கெதோனியர் கொடிய தரித்திரத்திலும் கொடுத்தார்கள் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கலயம்தான் நினைவுக்கு வரும்.

நெசவாளர் மகள்

மலையடிவாரம் அண்ணனுக்கு நன்றி. உப்பாற்றங்கரை அண்ணனுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். விதிமுறையில் “விண்ணப்பிப்பவர்களுக்கு” என்று எழுதாதீர்கள். அம்மா கடைசிவரை எந்தப் படிவத்திலும் கையெழுத்திட்டிருக்க மாட்டார். சபையில் கேட்கத் தெரியாதவர்கள், கேட்க வெட்கப்படுகிறவர்கள் இருப்பார்கள். ஒநேசிப்போரு ரோமாவுக்கு வந்தபோது பவுலை அதிக ஜாக்கிரதையாய்த் தேடிக் கண்டுபிடித்தார் என்று 2 தீமோத்தேயுவில் வருகிறது. பவுல் கூப்பிட்டதால் அவர் வரவில்லை, தாமாகவே தேடி வந்தார்.

பேரேடு

மகள் சொல்வது சரி. கணக்குக்காகக் காகிதம் வேண்டும். ஆனால் அந்தக் காகிதத்தை நிரப்ப வேண்டியது குழுவில் இருப்பவர். துன்பப்படுகிறவர் அல்ல.

உப்பாற்றங்கரை

நேற்று மாலை குழு கூடியது. இந்த இழையில் வந்தவற்றைப் படித்துக் காட்டினேன். ஜூலியான் கடிதத்தைப் பழைய ஏடு ஐயா சொன்ன எச்சரிக்கையோடு சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்குப் பின் முதல் விதி இப்படி முடிவானது: “இந்நிதி துன்பப்படுகிற யாவருக்கும் உரியது, சபைக் குடும்பங்களில் துன்பப்படுகிறவர்களைத் தேடிப்போய் அறிந்துகொள்வது குழுவின் கடமை.” “மட்டும்” இல்லை. “விண்ணப்பம்” இல்லை. சபையின் 140 வீடுகளையும் ஏழு பேர் பிரித்துக்கொண்டோம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். ஒருவருக்கு மனத்தாங்கல் இருக்கிறது, அவர் இன்னும் “அங்கத்தினர்களுக்கு முன்னுரிமை” என்று எழுத வேண்டும் என்கிறார். அவரோடு தொடர்ந்து பேசுவேன்.

என் பங்கில் வந்த இருபது வீடுகளில் அந்தத் தாயாரின் வீட்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்று காலை போனேன். பணம் கொண்டுபோயிருந்தேன், வாங்க மறுத்துவிட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு, எழுந்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தார். கணவரின் இறப்புச் சான்றிதழ், வெள்ளத்தில் நனைந்து காய்ந்து எழுத்து மங்கியது. விதவை உதவித்தொகைக்கு மனு கொடுக்க அதன் புதிய நகல் வேண்டுமாம். அலுவலகத்துக்கு இரண்டு முறை போய், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்திருக்கிறார். அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவரை அழைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போகிறேன். இறப்புச் சான்றிதழ் நகல் பெறும் முறை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.